படித்த கையோடு – 9: தண்ணீர் லாரியும் ஐஸ் கப்பலும்

சென்ற வாரம் ராஜா, ராணி, ஒற்றர், சுரங்கப் பாதை என்று சரித்திர நாவல்களாகவே போய்விட்டது. அதற்கு இரண்டு விதமான எதிர்வினைகள். “அரண்மனை போதும், நம்ம ஊர்க் கதையா நாலு சொல்லுங்களேன்” என்றார் ஒரு மயிலாப்பூர் வாசகி. “கிரைம் நாவலையும் இலக்கியத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைக்காதீர்கள்” என்று கண்டித்தார் அடையாறிலிருந்து ஒரு பெரியவர். வாசகியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இந்த வாரம் பெரும்பாலும் சென்னைதான்; கடைசியில் ஒரே ஒருமுறை புதுச்சேரி வரை போய்வருவோம். பெரியவர் மன்னிக்கவேண்டும். பந்தி ஒன்றுதான்.

இந்த ஊரில் நாவல்கள் கைக்கு வந்து சேரும் விதமே அப்படி. லஸ் பக்கம் நடைபாதைப் புத்தகக் குவியலில் ரமணிசந்திரனுக்கு அடியில் தி. ஜானகிராமன் இருப்பார், அவருக்கும் அடியில் என்றைக்கோ பாஸாகிப் போன பையனின் பிளஸ் டூ கைடு. லெண்டிங் லைப்ரரிக்காரர்கள் ஒருநாளும் வகை பார்த்து உபதேசம் செய்ததில்லை. ‘இது நல்லா ஓடுதும்மா’ என்பதோடு அவர்களுடைய விமரிசனம் முடிந்துவிடும். பரண்மேல் கிடக்கும் பைண்டு வால்யூம்களை எடுத்துப் பாருங்கள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்தவை. ஒரு பக்கம் நாவல், மறு பக்கம் ஜோக்கோ பல்பொடி விளம்பரமோ. அப்படிப் படித்து வளர்ந்தவர்களுக்குக் கோடு போட்டுப் பிரிப்பது கொஞ்சம் கஷ்டம்.

எனக்கு ஒரு சோதனை உண்டு. கதை நடக்கும் இடத்தில் அன்றாடம் என்ன வேலை நடக்கிறது, அதை யார் செய்கிறார்கள், அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறதா? தெரிந்திருந்தால் அது எந்த வகையானாலும் படிப்பேன். தெரியாவிட்டால் எத்தனை விருது வாங்கியிருந்தாலும் ஐம்பதாவது பக்கத்தில் தூக்கம் வந்துவிடும்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ இந்தச் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்குகிற நாவல். ‘கணையாழி’யில் தொடராக வந்து 1970களின் தொடக்கத்தில் புத்தகமானது. மிகச் சிறியது. பீச் ஸ்டேஷனில் ஏறி வேளச்சேரியில் இறங்கி, அதே ரயிலில் திரும்பி வந்தால் பாதியைத் தாண்டிவிடலாம். ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள். ஜமுனாவுக்கு சினிமாவில் நடிக்கும் ஆசை இருந்தது; அந்த ஆசையை பாஸ்கர் ராவ் என்பவன் எப்படிப் பயன்படுத்திக்கொண்டான் என்பது கதை. இவ்வளவைச் சொன்னால் மெலோடிராமா போலத் தோன்றும். நாவலில் மெலோடிராமாவுக்கு யாருக்கும் நேரமே இல்லை. குழாயில் காற்று வருகிறது. அடி பம்பு எந்த வீட்டில் இன்னும் வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டு குடத்தோடு அலைய வேண்டியிருக்கிறது. தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வாழ்க்கை நொறுங்கிப் போனவளும் நாளைக் காலைக்கு ஒரு குடம் பிடித்து வைத்தாக வேண்டும். பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஜமுனாவிடம் பேசும் அத்தியாயம் தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த உரையாடல்களில் ஒன்று என்பது என் கட்சி. ஆறுதல் என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. தன் கதையைச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

2019 ஜூனில் ஏரிகள் வற்றியபோது இந்த நாவலை மறுபடி எடுத்தவர்கள் பலர். வீராணம் குழாய் வந்தாயிற்று, கிருஷ்ணா நீர் வந்தாயிற்று, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தாயிற்று. ஆனாலும் மெட்ரோ வாட்டர் லாரியின் ஹார்ன் கேட்டதும் மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கும் கால்களின் வேகம் மாறவில்லை. வரிசையில் தன் குடம் நகர்த்தி வைக்கப்பட்டதைக் கண்டுபிடித்தவளின் குரலும் மாறவில்லை. அந்தக் குரலை நாவலில் கேட்கலாம்.

அவருடைய ‘கரைந்த நிழல்கள்’ இதைவிட ஒரு படி மேல் என்பேன். சினிமா நாவல்தான், ஆனால் படம் எதுவும் ஓடாத சினிமா நாவல். வெளிப்புறப் படப்பிடிப்புக்காக விடியற்காலையில் வேன் புறப்படவேண்டும்; அதற்காக ஆளை எழுப்பி, ஏற்றி, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து ஓடிக்கொண்டிருக்கும் புரொடக்‌ஷன் மானேஜர் நடராஜனிடம் கதை தொடங்குகிறது. இவன்தான் கதாநாயகன் என்று நாம் சாய்ந்து உட்காரும்போது நாவல் அவனை விட்டுவிட்டு வேறொருவரிடம் போய்விடும். பிறகு இன்னொருவரிடம். போனவர்கள் என்ன ஆனார்கள் என்பது பின்னால் யாரோ யாரிடமோ பேசும்போது ஓரமாகக் காதில் விழும். முதல் தடவை படிக்கையில் எரிச்சல் வரலாம். இரண்டாம் தடவை, அந்தத் தொழில் மனிதர்களை நடத்துவதே அப்படித்தான் என்று புரியும்.

அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். இன்றைக்கு அண்ணா மேம்பாலத்தின் அருகே பார்க் ஹோட்டல் நிற்கும் இடம் அது. அந்த வருஷங்களைப் பற்றி ஆங்கிலத்திலும் எழுதினார், சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படித்த ‘போயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்’ பாடம் அதில் ஒரு பகுதி. அதைத் தேர்வுக்கு உருப்போட்ட கையோடு இந்த நாவலைப் படிக்கச் சொல்லி யாரும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்வதில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இதோடு சேர்த்து சுஜாதாவின் ‘கனவுத் தொழிற்சாலை’யையும் படியுங்கள். விகடனில் தொடராக வந்தபோது ஊரே பேசியது. அருண் என்ற நட்சத்திரம், அவனைச் சுற்றிச் சுழலும் கூட்டம். வேகத்தில் சுஜாதாவை யார் பிடிக்க முடியும்? ஒரு நடிகனுக்குள் இருக்கும் வெறுமை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. டிபன் பில்லை யார் கட்டினார்கள் என்பது மட்டும் அசோகமித்திரனுக்குத்தான் தெரியும். அடையாறுப் பெரியவருக்கு ஒரு வார்த்தை: இங்கே வகை ஒன்றுதான், இரண்டும் சினிமா நாவல். வித்தியாசம் வகையில் இல்லை.

கிரைமுக்கு வருவோம். தம்புச் செட்டித் தெருவில் ஆபீஸ் வைத்திருந்த கணேஷ், 1968-ல் குமுதத்தில் வந்த சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ மூலம் அறிமுகமானவன். வஸந்த் பிற்பாடு வந்து சேர்ந்தான். இவர்கள் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் வஸந்தின் அசட்டு ஜோக்குகள் அல்ல. இருவரும் வக்கீல்கள், வாய்தா, ஜாமீன், பீஸ் என்று சம்பாதித்துச் சாப்பிடுகிறவர்கள். ஒன்றே ஒன்று படிப்பதென்றால் ‘கொலையுதிர் காலம்’. பேயா விஞ்ஞானமா என்ற கேள்வியைக் கடைசிவரை கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது எளிதல்ல. மேலே எதுவும் சொன்னால் படித்தவர்கள் அடிக்க வருவார்கள்.

ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கொடியில் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. 2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் இந்த எழுத்தாளர்களை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது. அதுவரை பத்திரிகைக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் அதற்குப் பிறகு ஹாலில் டீப்பாய்மேல் வைக்க ஆரம்பித்தார்கள். ஆங்கிலம் ஏறினால் கிரைமுக்கும் கௌரவம் வந்துவிடுகிறது! அண்மையில் படித்ததில் பிடித்தது அம்பையின் ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’. நாவல் இல்லை, நீண்ட கதைகள் மூன்று, இடமும் மும்பை. இருந்தாலும் சுதா குப்தா என்ற துப்பறிவாளரை இங்கே விட்டுவிட மனம் வரவில்லை. துப்பாக்கியும் துரத்தலும் இல்லாமல், வீட்டுக்குள் நடப்பது என்ன என்று பொறுமையாகக் கேட்டறியும் பெண்மணி.

சரித்திரம் சென்ற வாரத்தோடு முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு ஒரு பாக்கி இருக்கிறது. ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ (2013). ஐஸ் ஹவுஸ் என்பது நமக்கு ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர். மெரீனா எதிரே வட்டமாக நிற்கும் அந்தக் கட்டடம் 1842-ல் அமெரிக்க வியாபாரி பிரெடரிக் டூடரின் ஐஸைச் சேமித்து வைக்கக் கட்டப்பட்டது. நியூ இங்கிலாந்து ஏரிகளில் உறைந்த நீரை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி, பாதி உலகைச் சுற்றி மதராசுக்குக் கொண்டுவந்தார்கள். துரைமார்களின் மதுக்கிண்ணத்தில் போட! 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸை இறக்கி, உடைத்து, சுமந்த கைகள் யாருடையவை என்ற கேள்வியில் நாவல் நிற்கிறது.

எய்டன் என்ற ஐரிஷ் காப்டனின் கண் வழியாகக் கதை. 1876–78 பஞ்சம் ஊரைத் தின்றுகொண்டிருக்கிறது. ஐஸ் ஹவுஸில் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். காத்தவராயன் என்ற பாத்திரத்தின் பின்னால் அயோத்திதாசப் பண்டிதர் நிற்கிறார். அவருடைய இயற்பெயர் அது. 1907-ல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று வார இதழ் தொடங்கியவர். எய்டன் செங்கல்பட்டுச் சாலையில் போகும் பகுதியை வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க முடிகிறது. காப்டன் தனக்குள்ளேயே விவாதித்துக்கொள்ளும் பக்கங்கள் எனக்கு நீளம். ஒரு வெள்ளைக்காரனின் குற்ற உணர்ச்சிக்கு இவ்வளவு இடம் வேண்டுமா, தொழிலாளி பக்கமிருந்து இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் படித்து முடித்தபின் திருமயிலை ரயில் நிலையத்தில் நிற்கும்போது கீழே கிடக்கும் கறுப்பு நீரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்தப் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு, அதே பஞ்சத்தில், 1877–78-ல், நிவாரண வேலை என்ற பெயரில் பசித்தவர்களைக் கொண்டு வெட்டப்பட்டது.

விஞ்ஞானக் கதைக்கு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ போதும். கதை நடக்கும் ஆண்டுகளை நாம் கடந்தாயிற்று; ஜீனோ என்ற இயந்திர நாயின் குறும்பும் படிப்பும் கெடவில்லை. வீட்டில் தமிழ் படிக்கத் தடுமாறும் பதினான்கு வயது இருந்தால் இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

பாலகுமாரனின் ‘இரும்பு குதிரைகள்’ லாரிகளின் உலகம். அதில் வரும் குதிரைக் கவிதைகளை அந்தக் காலத்தில் மனப்பாடமாகச் சொல்லித் திரிந்தார்கள். எனக்குக் கவிதைகளைவிட சரக்கு ஏற்றும் இடங்கள்தான் உயிரோடு இருக்கின்றன. டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்த அனுபவம் பேசுகிறது.

தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ சிந்தாதிரிப்பேட்டையில் நடக்கிறது. 1734 வாக்கில் நெசவாளர்களுக்காகக் கம்பெனிக்காரர்கள் உருவாக்கிய குடியிருப்பு. தறிகள் போய்விட்டன. கூவம் கரையில் நெருக்கியடித்து வாழும் ஜனங்கள், ஜெபக்கூட்டம், கேரம் போர்டு, பேய் பயம், ரூபன் என்ற இளைஞன். சினிமாவில் நகைச்சுவைக்கென்று ஒதுக்கிய சென்னைத் தமிழ் இங்கே துக்கத்துக்கும், பக்திக்கும், காதலுக்கும் ஈடுகொடுக்கிறது. பின்பகுதியில் ரூபனின் அவஸ்தை சற்று இழுக்கிறது. முன்பகுதியில் பெண்கள் பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மவுண்ட் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் மீன் வாங்கக்கூடப் போகாத தென்சென்னைக்காரர்கள் அவசியம் படிக்கவேண்டும். ‘சார்பட்டா பரம்பரை’யின் திரைக்கதையில் பா. ரஞ்சித்தோடு சேர்ந்து எழுதியவர் இவர்தான் என்றால் சிலருக்காவது ஆர்வம் வரும்.

புதுச்சேரி என்று சொன்னது இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. எஞ்சினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொண்டவள், தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். தலைமையாசிரியரான அப்பா நடேசனிடம் பணம் இருக்கிறது, கொட்டத் தயாராக இருக்கிறார். நாவலின் பெரும்பகுதி வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்களின் பேச்சு. எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள், போலீஸ் வந்ததா என்று கேட்கிறார்கள், பக்கத்தில் காத்திருப்பவர்களிடம் அவர்களுடைய கதையைக் கேட்கிறார்கள், நடுவில் காபி வாங்கிவரப் போகிறார்கள். தானே வைத்துக்கொண்ட தீயா, அவன் வைத்ததா? ஆளுக்கொரு பதில். கிரைம் நாவலின் கேள்வி அப்படியே இருக்கிறது. விடை சொல்லக் கணேஷ் வரமாட்டான். அடையாறுப் பெரியவர் இதை எந்தப் பந்தியில் உட்கார வைப்பார் என்று அறிய ஆசை.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இதைத் தொடவேண்டாம். மற்றவற்றைக் காசு கொடுத்து வாங்குமுன் புரட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தமிழ்த் தளத்துக்குப் போகலாம். வாங்குவதானால் ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிவரை காத்திருந்தால் பத்து சதவீதம் கழிவு.

அடுத்த வாரம் கடல் தாண்டுகிறோம்: ஷோபாசக்தியின் ‘இச்சா’, சயந்தனின் ‘ஆதிரை’.