கேட்கும் அறை – 8: அடித்தட்டில் தொடங்குவோம்

ஓரடி உயரமுள்ள சிறிய ஸ்பீக்கர்களில் நல்ல ஜோடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று சென்ற வாரம் பார்த்தோம். வாங்கி வந்த பிறகு எழும் கேள்வி, அவற்றை எதன் மேல் வைப்பது என்பது. கடைக்குப் போனால் கூர்முனைக் கால்கள், அதிர்வை உறிஞ்சும் தட்டுகள், விசேஷ உலோகக் கலவைகள் என்று பலவும் சொல்வார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். ஸ்பீக்கரைச் சரியான இடத்தில், சரியான உயரத்தில் இந்த ஸ்டாண்ட் நிறுத்துகிறதா? இடித்தால் சாயாமல் இருக்கிறதா? இவை இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால், ஸ்டாண்டின் வேலையில் பெரும்பங்கு முடிந்துவிட்டது என்பதே என் வாதம்.

உயரத்திலிருந்து தொடங்குவோம். சிறிய ஸ்பீக்கரில் பொதுவாக இரண்டு ஒலிப்பான்கள் இருக்கும்: மேலே ட்வீட்டர், கீழே வூஃபர். பல மாடல்களில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். அந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடையே 15 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பெட்டி பீரோவின் மேல் இருக்கிறது; கேட்பவரின் காது அதற்கு 65 சென்டிமீட்டர் கீழே, இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கிறது. அப்போது இரண்டு ஒலிகளும் கடந்து வரும் தூரத்தில் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் வித்தியாசம் விழும். அலைநீளத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. ஒன்றையொன்று வலுப்படுத்த வேண்டிய ஒலிகள் அந்த இடத்தில் இளைத்துப்போகும். பாடகரின் சொல் தெளிவு குறைவது இதனால்தான். ஆகவே ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். கணக்கு எளிது: சோபாவில் உட்கார்ந்து தரையிலிருந்து காது வரை அளந்து, அதிலிருந்து பெட்டியின் அடிப்பகுதிக்கும் ட்வீட்டருக்கும் உள்ள உயரத்தைக் கழித்தால் ஸ்டாண்டின் உயரம் கிடைக்கும். காது 90, ட்வீட்டர் 25 என்றால் ஸ்டாண்ட் 65 சென்டிமீட்டர்.

‘அலமாரித் தட்டில் வைக்கத்தானே இவ்வளவு சிறிதாகச் செய்திருக்கிறார்கள், ஸ்டாண்ட் எதற்கு?’ என்று கேட்கலாம். சிறிய பெட்டிக்குப் பிறப்பிடம் அலமாரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1970களில் பிபிசி உருவாக்கிய புகழ்பெற்ற எல்.எஸ். 3/5ஏ, வெளிப்புற ஒலிபரப்பு வேனின் நெருக்கடியான இடத்துக்காகவே அவ்வளவு சிறிதாக அமைந்தது. அலமாரியில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, பின்னால் நெருங்கி நிற்கும் சுவர். அது தாழ்ந்த ஒலிகளை 6 டெசிபல் வரை உயர்த்தக்கூடும். மிருதங்கத்தின் தொப்பி நாதம் பருத்துப் பாட்டை மூடும். இரண்டாவது, அலமாரிப் பலகையே அதிர்ந்து ஒலிப்பது. அகலமான ப்ளைவுட் தட்டும் கண்ணாடிக் கதவும் தம் பங்குக்கு ஓசை எழுப்பும். ஸ்டாண்ட் இருந்தால் பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுக்கலாம். அதன் மேல்தட்டும் சிறியது என்பதால் அதிலிருந்து எழும் ஓசை மிகக் குறைவு.

இனி உறுதி. 6 கிலோ ஸ்பீக்கர், அதைத் தாங்கும் 4 கிலோ ஸ்டாண்ட், உயரம் 65 சென்டிமீட்டர், அடித்தட்டின் ஆழம் 25 சென்டிமீட்டர். பெட்டியின் உச்சியைத் தள்ளினால் 1.3 கிலோ எடைக்குச் சமமான விசையிலேயே அது சாயத் தொடங்கும். தவழ்ந்து வந்து பிடித்து எழும் குழந்தைக்கு அது பெரிய காரியமில்லை. குழாய்க்குள் 5 கிலோ மணல் நிரப்பினால் தேவையான விசை கிட்டத்தட்ட 2 கிலோவாகிறது. மணலே இல்லாமல் அடித்தட்டை 35 சென்டிமீட்டராக அகட்டினாலும் ஏறத்தாழ அதே பலன், 1.8 கிலோ. இரண்டையும் செய்தால் 2.7 கிலோ. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் போல, எடை அடியில் இருக்க வேண்டும். இன்னொன்று: கனமான காந்தங்கள் முன்பலகையை ஒட்டி இருப்பதால் பெட்டியின் எடை முன்பக்கம் சாய்ந்திருக்கும். அடித்தட்டு முன்பக்கம் நன்றாக நீண்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மணல் கழுவி நன்கு காய்ந்ததாக, பாலிதீன் பையில் கட்டியதாக இருக்கட்டும். உப்பேறிய கடல் மணல் இரும்பைத் தின்றுவிடும்.

‘கூர்முனைகள் இல்லாவிட்டால் பெட்டி பின்னுக்கு உதைத்து ஒலி கலங்காதா?’ என்பது அடுத்த ஆட்சேபம். வூஃபரின் கூம்பு 12 கிராம், பெட்டி 6 கிலோ. விகிதம் 500க்கு ஒன்று. கூம்பு 2 மில்லிமீட்டர் முன்னால் போனால் பெட்டி பின்வாங்குவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு. தலைமுடியின் தடிமன் இதைவிடப் பல மடங்கு. கூர்முனைக்கு நியாயமான ஒரு பயன் உண்டு: தடித்த கம்பளத்தைத் துளைத்துத் தரையைத் தொட்டு, ஸ்டாண்டை ஆடாமல் நிறுத்துவது. நம் வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ், மொசைக், கிரானைட். அங்கே கூர்முனை கீறும், வழுக்கவும் செய்யும். ரப்பர் பாதங்களே போதும். ஸ்பீக்கருக்கும் மேல்தட்டுக்கும் நடுவே, போஸ்டர் ஒட்டும் களிம்பை நான்கு மூலைகளிலும் பட்டாணி அளவு வைத்து அழுத்திவிடுங்கள். பெட்டி நழுவாது.

கனமான ஸ்டாண்ட் விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் இதில் ரகசியம் எதுவும் இல்லாததால் பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். 6 மில்லிமீட்டர் தடிமனில் 35க்கு 30 சென்டிமீட்டர் இரும்புத் தகடு மட்டுமே கிட்டத்தட்ட 5 கிலோ இருக்கும். அதன் மேல் 3 அங்குலச் சதுரக் குழாய், உச்சியில் பெட்டியின் அடியைவிடச் சற்றே சிறிய தட்டு. குழாய்க்குள் 5 கிலோ மணலும் கொள்ளும். இடமே இல்லாத அறையில், மெலிந்த ஸ்டாண்டை வைப்பதைவிடச் சுவரில் பலமாக முடுக்கிய பிராக்கெட் மேல். தாழ்ந்த ஒலி கொஞ்சம் பருத்தாலும் குழந்தை பத்திரம். பருத்த ஒலியை ஆம்பிளிஃபயரில் குறைத்துக்கொள்ளலாம். எதுவானாலும், வாங்கும் முன் அளவுநாடாவை எடுங்கள். நிறுத்திய பின் உச்சியை இரண்டு விரல்களால் தள்ளிப் பாருங்கள். அதில் தேறாத ஸ்டாண்டை, எந்த விளம்பர வாசகத்துக்காகவும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

(அடுத்த வாரம்: சுவரும் திரைச்சீலையும்)