பயாப்ஸிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில்

மார்பில் உள்ள கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கப் போவது பெரும்பாலும் கணவர், இல்லையென்றால் மகன். உறையைப் பிரித்து, புரியாத சொற்களைச் செல்போனில் தேடி, பயந்துபோய், டாக்டர் அறைக்குள் முதலில் தனியாக நுழைகிறார். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார், தாங்க மாட்டாங்க" என்கிறார். அந்தப் பயத்தில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'சின்னக் கட்டிதான், எடுத்துடலாம்' என்று நம்பித் தியேட்டருக்குள் போன பெண், மயக்கம் தெளிந்து, கட்டுப்போட்ட நெஞ்சைத் தொட்டுப் பார்த்துத்தான் உண்மையைத் தெரிந்துகொள்கிறார். அவர் உடம்பைப் பற்றி அவரைத் தவிர எல்லோரும் பேசி முடித்திருப்பார்கள்.

சட்டம் இதை ஏற்பதில்லை. 1995இல் தில்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் ரத்தப்போக்குக்காக மருத்துவரிடம் போனார். கருவி நுழைத்து வயிற்றுக்குள் பார்க்கும் பரிசோதனைக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. தானே முடிவெடுக்கும் திறனுள்ள, வயதுவந்த ஒருவருக்காகத் தாய்கூடக் கையெழுத்துப் போட முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. மார்பக ஆபரேஷனுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். கட்டியை மட்டும் எடுக்கச் சம்மதித்தவரின் முழு மார்பையும், கேட்காமல் எடுக்க முடியாது. ஆபரேஷன் மேசையிலேயே சதையைச் சோதித்துப் பார்த்து, புற்று என்றால் அப்போதே மார்பை எடுத்துவிடலாம் என்று டாக்டர் நினைத்தால், அதை முன்கூட்டியே சொல்லி, சம்மதப் படிவத்திலும் எழுதி வாங்கியிருக்க வேண்டும். கணவரின் கையெழுத்துக் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர் சாட்சியாகப் போடலாம், அவ்வளவுதான். ஆங்கிலப் படிவத்தை நீட்டினால், தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

"யோசிக்க நேரம் ஏது?" என்று கேட்பார்கள். நேரம் இருக்கிறது. வெடித்த குடல்வால் போல இன்றிரவே தியேட்டருக்குப் போக வேண்டிய நோய் இதுவல்ல. இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, சோதனைகளை முடித்து, இன்னொரு டாக்டரிடமும் கேட்டு முடிவு செய்தால் எதுவும் கெட்டுவிடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் உயிருக்கு உலை வைக்கும். கஷாயம் குடித்துப் பார்க்கலாம், பெண் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்து, கட்டி புண்ணாகி உடைந்த பிறகு வருகிறவர்கள் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பலரைத் தடுத்து நிறுத்துவது 'ஊசி பட்டால் பரவும், கத்தி பட்டால் பரவும்' என்ற பேச்சு. ஊசியால் பயாப்ஸி எடுப்பதால் நோய் பரவி ஆயுள் குறைவதில்லை. ஊசி பயாப்ஸி எடுக்காமலே நேரடியாகக் கத்தி வைப்பதுதான் தவறு.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிறு ஊர்களில் இன்னும் 'முதலில் கட்டியை எடுப்போம், பிறகு டெஸ்ட்டுக்கு அனுப்புவோம்' என்கிறார்கள். அது புற்றாக இருந்தால், சுற்றிலும் போதிய நல்ல சதை சேர்த்து எடுக்காததால் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படும். அதைவிட முக்கியமாக, சிலருக்கு ஆபரேஷன் முதல் சிகிச்சையே அல்ல. பயாப்ஸியில் புற்று என்று வந்தால் அதே சதையில் ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று மூன்று சோதனைகள் செய்வார்கள். கட்டி பெரிதாக இருந்தாலோ, ஹெர்-2 பாசிட்டிவ் என்றாலோ, மூன்றுமே நெகட்டிவ் என்றாலோ, பல நேரங்களில் கீமோவை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுத்தான் ஆபரேஷன். மார்பைக் காப்பாற்ற அது ஒரு வழி. மருந்து வேலை செய்கிறதா என்றும் கண்ணெதிரே தெரிந்துவிடும். இந்த முடிவுகள் வருவதற்கு முன்பே ஆபரேஷன் தேதி குறித்தால், "ஆபரேஷன் முதலா, கீமோ முதலா டாக்டர்?" என்று கேளுங்கள். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள், கீமோ தொடங்குமுன் கருமுட்டையைப் பாதுகாப்பது பற்றியும் கேட்க வேண்டும். கீமோ ஏறிய பிறகு அந்தக் கேள்விக்குக் காலம் கடந்திருக்கும்.

ரிப்போர்ட் 'நார்மல் இல்லை' என்று வந்தாலே புற்று என்று பொருளில்லை. 'அட்டிப்பியா' என்றால் செல்கள் இயல்பு மாறியிருக்கின்றன. அந்த இடத்தை எடுத்துச் சோதித்தால் சிலருக்கு அருகில் புற்று ஒளிந்திருக்கும், பலருக்கு இருக்காது. 'டிசிஐஎஸ்' என்றால் புற்றுச் செல்கள் பால் குழாய்க்குள்ளேயே இருக்கின்றன, வெளியே பரவவில்லை. 'இன்வேசிவ்' என்றால் குழாயைத் தாண்டிவிட்டன. மார்பில் வரும் காசநோயும் கல் போன்ற கட்டியாகவே தோன்றும். அதற்கு முதல் வைத்தியம் மாத்திரை. ஸ்கேனும் மேமோகிராமும் சந்தேகம் சொல்ல, பயாப்ஸி மட்டும் 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் நிம்மதியாக வீட்டுக்குப் போகாதீர்கள். ஊசி சரியான இடத்தில் படாமல் போயிருக்கலாம். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சில இடங்களில் சதைத் துண்டை பாட்டிலில் போட்டு உறவினர் கையில் கொடுத்து, லேபுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். பாட்டிலில் இருப்பது ஃபார்மலின்தானா என்று கேளுங்கள். சலைனில் ஊறிய சதையில் ஈஆர், பிஆர் முடிவு நம்பும்படி வராது; அதை நம்பித் தீர்மானிக்கும் மாத்திரையும் தவறிப்போகும். சதையைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடையும் இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டி இரண்டாம் கருத்துக் கேட்கலாம். தேசிய மனித உரிமை ஆணையம் உருவாக்கிய நோயாளர் உரிமை சாசனம் இரண்டாம் கருத்தை உரிமை என்றே சொல்கிறது. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டியதில்லை.

முழு மார்பையும் எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்பது இன்னும் நம் வீடுகளில் வேதவாக்கு. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியின் மிலானில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் 1970களில் தொடங்கிய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளியாயின. ஆரம்ப நிலையில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்த பெண்களும், மார்பை முழுதாக எடுத்த பெண்களும் ஒரே அளவில் உயிர் வாழ்ந்தார்கள். ஆனால் கட்டியை மட்டும் எடுத்தால், 'கரண்ட்' என்று நம் ஊரில் சொல்லும் அந்தக் கதிர்வீச்சைப் பெரும்பாலோருக்கு வைத்தே ஆக வேண்டும். முன்பு ஐந்து வாரம், இப்போது பலருக்கு மூன்று வாரம். அந்த வசதி இல்லாத ஊரிலிருந்து தினமும் பஸ் ஏற முடியாது என்பதற்காக மார்பையே கொடுத்துவிடும் பெண்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். எடுத்துவிட்டால் கரண்ட் வேண்டாம் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. அக்குள் நெறிகளுக்கு நோய் பரவியிருந்தால் மார்பை எடுத்த பிறகும் வைப்பார்கள்.

அக்குளைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். முன்பெல்லாம் அங்குள்ள நெறிகளை மொத்தமாக வழித்து எடுத்தார்கள். இப்போது நீலச் சாயமோ கதிரியக்க மருந்தோ செலுத்தி, முதலில் நிறமேறும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்கத் தொல்லை தரும் கைவீக்கம் இதனால் வெகுவாகக் குறைகிறது. சாயம் செலுத்திய மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனால் பதற வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும்போது ட்யூபும் பையும் கூடவே வரலாம். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு தைத்து வைத்துக்கொள்ளுங்கள். தலைவழியே மாட்டுவது சில நாளைக்கு முடியாது. பையில் சேரும் நீரைத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் பொதுவாக ட்யூபை எடுப்பார்கள். எடுத்த பிறகு மீண்டும் நீர் கோத்தால் ஊசியில் உறிஞ்சிவிடுவார்கள். மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போவது பலருக்கு உண்டு. காய்ச்சல், தையலில் சீழ், கை திடீரெனச் சிவந்து சூடாவது இவற்றில் ஏதாவது வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

"கையை அசைக்காதே, தையல் விட்டுடும்" என்று பார்க்க வருகிற அத்தனை பேரும் சொல்வார்கள். கேட்காதீர்கள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து தலை சீவுவது, விரல்களால் சுவரில் ஏறுவது போன்ற பயிற்சிகளைச் செய்யாவிட்டால் தோள் இறுகிவிடும். கரண்ட் வைக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும். தோள் இறுகியவருக்கு அந்தச் சிகிச்சையே தள்ளிப்போகும். குடம் தூக்குவதும் கிரைண்டர் கல்லைத் தூக்குவதும் மட்டும் இப்போதைக்கு வீட்டிலுள்ள ஆண்கள் வேலை.

பணம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். பனியன் கம்பெனியிலோ தோல் தொழிற்சாலையிலோ வேலை செய்து இஎஸ்ஐ கட்டுகிறவர்களுக்கு இன்னொரு உரிமை உண்டு. பலர் அதைக் கேட்காமலே வேலையை விட்டுவிடுகிறார்கள். சாதாரண நோய்க்கால உதவியான 91 நாளோடு அது முடிவதில்லை. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையிலிருந்து, போதிய நாள் சந்தா கட்டியிருந்தால், புற்றுநோய்க்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். ராஜினாமா எழுதுவதற்கு முன் இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். தனியார் இன்சூரன்ஸ் எடுத்தவர்களிடம், மார்பைத் திரும்ப அமைக்கும் ஆபரேஷன் 'அழகு சிகிச்சை', பணம் கிடையாது என்று சொல்லக்கூடும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு அந்த விலக்கில் வராது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியிலேயே இருக்கிறது. கம்பெனிக்கு எழுதுங்கள், மறுத்தாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் புகார் தரலாம்.

நீர் கோப்பதும், ஓரத்தில் புற்றுச் செல் மிச்சமிருந்து மறுபடி எடுக்க நேர்வதும் நல்ல மருத்துவரின் கையிலும் நடக்கும். சம்மதமில்லாமல் உறுப்பை எடுப்பதும், எடுத்த சதையைச் சோதனைக்கே அனுப்பாமல் விடுவதும் தவறு. அதற்கு மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவமனை மீது மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். எந்த வழியில் போனாலும் முதலில் கேட்பது கேஸ் ஷீட்டைத்தான். எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதி. உள்நோயாளி குறிப்புகளை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிதான். ஆகவே புகார் செய்யும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே சம்மதப் படிவம், ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட் மூன்றின் நகலையும் கேட்டு வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள்.