சென்னையில் தொலைக்காட்சித் தொடக்கமும் காட்சிப் பதிவுகளின் எச்சமும்: பிரித்தானிய வரலாற்றோடு ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தொலைக்காட்சி, நிகழும் நொடியிலேயே மறைந்துவிடும் ஊடகமாகத் தோன்றியது. காட்சியை அனுப்பும் நுட்பம் கைவந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே அதனைப் பதிந்து வைக்கும் நுட்பம் முதிர்ந்தது. இவ்விடைவெளி வரலாற்றுச் சான்றுகளை எவ்வாறு பாதித்தது என்பதைப் பிரித்தானிய அனுபவத்தின் துணையோடு சென்னையை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சி, சென்னைத் தூர்தர்ஷன், காந்த நாடா, சபா நாடகம், ஆவணக் காப்பு

முன்னுரை

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி வரலாறு பொதுவாக 15 ஆகஸ்டு 1975இல் சென்னை நிலையம் தொடங்கப்பட்டதிலிருந்து எழுதப்படுகிறது. ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இந்நகரில் ஒரு செயல்விளக்கம் நடந்துள்ளது. அதனையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சான்றுகள் பற்றிய சிக்கல் தெளிவாகிறது.

தேனாம்பேட்டையும் இலண்டனும்

1950 ஜனவரியில் தேனாம்பேட்டையில் நடைபெற்ற கண்காட்சியில் பி. சிவக்குமரன் என்னும் மின்பொறியியல் மாணவர் தொலைக்காட்சியைச் செய்து காட்டினார். ஓர் எழுத்து வருடப்பட்டு, அதன் உருவம் கேத்தோடு கதிர்க் குழாயின் திரையில் தெரிந்தது. இந்தியாவில் இத்தகைய முயற்சி இதுவே முதலாவதாக இருக்கலாம் என இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் எழுதியது. தில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது 15 செப்டம்பர் 1959இல்தான் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இலண்டனில் ஜான் லோகி பெயர்டு 26 ஜனவரி 1926இல் நிகழ்த்திய செயல்விளக்கத்திற்கு டைம்ஸ் நாளிதழின் செய்தியே முதன்மைச் சான்றாகும். 14 ஜூலை 1930இல் பிரித்தானியாவில் ஒளிபரப்பான முதல் தொலைக்காட்சி நாடகத்திற்கும் காட்சிப் பதிவு இல்லை. ஆகவே இரு நகரங்களிலும் தொலைக்காட்சியின் பிறப்பை நமக்குக் காட்டுவது அச்சுத்தாளே.

வரிகளின் கணக்கு

பி.பி.சி. 2 நவம்பர் 1936இல் அலெக்சாண்டிரா அரண்மனையிலிருந்து முறையான சேவையைத் தொடங்கியது. பின்னர் நிலைபெற்ற 405 வரி முறை அக்காலத்தில் உயர்தரமானது. எனினும் 1964இல் 625 வரி முறை அறிமுகமானபோது, பழைய பெட்டிகளுக்காக இரண்டு முறைகளையும் 1985 வரை இணையாக நடத்த நேர்ந்தது. பின்னர் வந்த சென்னைக்கு இச்சுமை இல்லை. 625 வரிகளிலேயே அது தொடங்கியது. 1982இல் வண்ணம் வந்தபோதும் கருப்பு வெள்ளைப் பெட்டிகள் பயனற்றுப் போகவில்லை. ஒளிச்செறிவுக் குறிகையோடு வண்ணக் குறிகையைத் தனியே ஏற்றி அனுப்பும் பால் முறையே இதற்குக் காரணம்.

சபாவிலிருந்து படப்பிடிப்புத் தளத்திற்கு

சென்னை நிலையம் தொடங்கியபோது நெருக்கடி நிலை நடப்பிலிருந்தது. தொலைக்காட்சி வானொலியிலிருந்து தனித்துறையாகப் பிரிந்தது 1 ஏப்ரல் 1976இல். சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையிலுள்ள நிலையத்திற்கு அருகிலேயே மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் நாடக மரபு செழித்திருந்தது. குறைந்த காட்சியமைப்பு, உரையாடலை நம்பிய நகைச்சுவை, தொடர்ச்சியாக நடித்துப் பழகிய குழு ஆகிய மூன்றும் பல கேமராக்கள் கொண்ட படப்பிடிப்புத் தளத்திற்கு இயல்பாகப் பொருந்தின. இலண்டன் அரங்குகளைத் தொடக்ககால பி.பி.சி. சார்ந்திருந்ததற்கு இது இணையானது. 'ஒளியும் ஒலியும்', 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்கு விடை கூறிய 'எதிரொலி' ஆகியவை ஒரு தலைமுறையின் வார ஒழுங்கையே வகுத்தன.

பதிவும் அழிவும்

காட்சிக் குறிகை, ஒலிக் குறிகையைவிடப் பன்மடங்கு விரிந்த அலைவெண் பரப்பைக் கொண்டது. பி.பி.சி. உருவாக்கிய வெரா கருவி நிலையான முனைகளைக் கொண்டு இதனைப் பதிய முயன்றதால், நாடா நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருந்தது. பெருஞ்சுருள் ஒன்றில் 15 நிமிடமே அடங்கியது. நாடாவை மெதுவாக ஓட்டி, பதிவு முனைகளைச் சுழலவிட்ட ஆம்பெக்ஸ் கருவி 1956இல் இச்சிக்கலைத் தீர்த்தது. ஆனால் நாடா விலை உயர்ந்தது. அழித்து மீண்டும் பதியத்தக்கது. எனவே 1970களின் இறுதி வரை பி.பி.சி. தன் நிகழ்ச்சிகள் பலவற்றைத் தானே அழித்தது. சேமிப்பிற்கெனப் பிறந்த கருவி அழிவிற்கும் வழிவகுத்தது.

1976இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். கேசட் பதிவுரிமையை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. 1980களில் வெளிநாடு சென்று திரும்பியோர் வழியாகவும் பர்மா பஜார் வழியாகவும் சென்னை இல்லங்களுக்கு வீடியோ கருவிகள் வந்தன. நிலையம் பாதுகாக்காத ஒரு நிகழ்ச்சி, அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ ஒரு வீட்டுப் பரணில் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் கடற்கரை நகரின் ஈரப்பதத்தில் நாடாவின் பசைப்பூச்சு நீரை உறிஞ்சிச் சிதைகிறது, பூஞ்சையும் படர்கிறது. அவற்றை ஓட்டும் கருவிகளின் உற்பத்தியும் நின்றுவிட்டது.

இன்று ஓட்ட இயலாத நாடாவை வீசிவிடலாம் என்னும் எண்ணம் தவறானது என்பதற்குப் பெயர்டே சான்று. 1927-28இல் அவர் இசைத்தட்டுகளில் பதிந்த காட்சிகளை அவராலேயே நிறைவாகத் திரும்பக் காண இயலவில்லை. தட்டுகள் எஞ்சியிருந்தமையால், பல பத்தாண்டுகளுக்குப் பின் டொனால்டு மெக்லீன் கணினியின் துணையால் அவற்றிலிருந்து முகங்களை மீட்டார்.

முடிவுரை

சென்னைத் தொலைக்காட்சியின் தொடக்ககால வரலாறு இரு வகைச் சான்றுகளை நம்பியுள்ளது. நாளிதழ்கள், வார இதழ்கள், நிகழ்ச்சி நிரல்கள் முதலிய அச்சுச் சான்றுகள் ஒருவகை. அவற்றைத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களில் தேட இயலும். வீடுகளில் கிடக்கும் கேசட்டுகள் மற்றொரு வகை. அவற்றைத் திரட்டும் பணி காலத்தோடு போட்டியிடுகிறது. நாடகக் குழுவினர், இசைக் கலைஞர்கள், நேயர்கள் ஆகியோரின் குடும்பங்களை நாடித் தொகுக்கும் களப்பணியை ஆய்வாளர்கள் இப்போதே மேற்கொள்ளுதல் வேண்டும். நாடா சிதைந்தபின் எஞ்சுவது நிகழ்ச்சியின் தலைப்பு மட்டுமே.