பெட்டியில் இருந்த பொம்மைகள்

ரயில்வே எழுத்தராகப் பணியாற்றும் எமக்கு, நிலையத்துக் காத்திருப்போர் அறை நாள்தோறும் கண்டு பழகிய ஓர் இடம். அங்கே அமர்ந்திருப்போர் பலதிறத்தினர். எனினும் அவர்களிடம் ஓர் ஒற்றுமை உண்டு. எவரும் தம் பெட்டியை முழுதும் திறப்பதில்லை. வேண்டிய ஒன்றை மேலாகத் துழாவி எடுத்துக்கொண்டு உடனே மூடிவிடுவர். அங்கே சுவரில் படம் மாட்டுவாரும் இல்லை. மூலையில் செடி நடுவாரும் இல்லை. வண்டி வந்ததும் புறப்பட வேண்டியவர்கள் அவ்வாறு இருத்தல் இயல்பே.

ஆனால், அன்பர்களே, பிழைப்பை நாடி ஆகுர்டியில் குடியேறிய நாம், நம் வீட்டையும் அவ்வாறே கருதி வாழ்கின்றோமா என்று எண்ணிப் பார்த்தல் நன்று. ஊருக்குப் போனபின் தோட்டம் போடலாம் என்கிறோம். சொந்த வீடு கட்டியபின் கொலு வைக்கலாம் என்கிறோம். ஓய்வு பெற்றபின் பிள்ளைகளோடு ஆற அமர இருக்கலாம் என்கிறோம். நாம் ஓய்வு பெறும் நாளில் நம் பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்கமாட்டார்கள் என்பது மட்டும் நம் நினைவுக்கு வருவதில்லை. பிறர்க்கு அறிவுரை கூறும் தகுதி எமக்கில்லை. எம் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறவே இதனை எழுதுகின்றோம்.

எம் ஊர் பண்ணுருட்டியை அடுத்த ஒரு சிற்றூர். பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்ற அப்பகுதி, பொம்மைத் தொழிலுக்கும் பெயர்பெற்றது. 2018-ஆம் ஆண்டு யாம் ஆகுர்டியில் குடித்தனம் வைத்தபோது, எம் அன்னையார் தம் கொலுப் பொம்மைகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, இடையே வைக்கோல் திணித்து, ரயிலில் எம்முடன் கொணர்ந்தார். மரப்பாச்சி இணை ஒன்று, பலசரக்கைப் பரப்பி அமர்ந்த செட்டியாரும் ஆச்சியும், தசாவதார வரிசை, பால்காரி, குறத்தி, காவலர் எனச் சில. தம் மாமியாரிடமிருந்து தமக்கு வந்தவை அவற்றுள் பாதி என்று அன்னையார் கூறுவார்.

அப்பெட்டியைக் கட்டிலின் கீழே தள்ளி வைத்தோம். ஆண்டுதோறும் புரட்டாசி பிறந்ததும் அன்னையார் தொலைபேசியில் அழைப்பார்.

"பொம்மையை எடுத்து வெச்சியாப்பா?"

"வீட்டுல இடமில்லைம்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"சரிப்பா. பெட்டியில ஈரம் படாமப் பார்த்துக்க."

இவ்வுரையாடல் ஆறு ஆண்டுகள், ஆறு முறை நிகழ்ந்தது. 2024-ஆம் ஆண்டு ஆடித் திங்களில் அன்னையார் மறைந்தார்.

மறு ஆண்டு நினைவுக் கடன்கள் முடிந்தபின், நவராத்திரிக்கு முன் வந்த ஞாயிற்றுக்கிழமையில், எம் துணைவியார் எம்மைக் கேளாமலே பெட்டியை நடுக்கூடத்திற்கு இழுத்து வந்து திறந்தார். ஆகுர்டியின் மழைக்காலத்தை நாம் அறிவோம். ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை சுவர் வியர்க்கும்; துணி உலராது. ஏழு மழைக்காலங்களை அப்பெட்டி தாங்கியிருந்தது. காகிதக் கூழால் ஆன குறத்தி பூஞ்சணம் பூத்துக் குழைந்து போயிருந்தாள். தசாவதாரத்தில் மச்சமும் கூர்மமும் வண்ணம் உரிந்து, எது எதுவென்று அறிய இயலாமல் இருந்தன. ஆச்சியின் வலக்கை ஒடிந்து துணியோடு வந்தது. மரப்பாச்சிகள் மட்டும் எவ்வித மாற்றமுமின்றி நின்றன.

எட்டு வயதுடைய எம் மகள் அவற்றை அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். ஒவ்வொன்றாய் எடுத்து, யார், எவர் என்று கேட்டவள், இறுதியில் ஒன்று கேட்டாள்.

"பாட்டி இருக்கும்போது ஏன் வைக்கலே, அப்பா?"

யாம் மறுமொழி கூறவில்லை.

அன்று மாலை மூவரும் செய்தித்தாளைப் பரப்பி அமர்ந்தோம். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்தார் துணைவியார். ஆச்சியின் கையை ஒட்டி, நூலால் சுற்றி, காயும்வரை பிடித்திருக்கும் பொறுப்பு எமக்கு வாய்த்தது. கால் மணி நேரம் வேறொன்றும் செய்ய இயலாது. கைபேசியைத் தொடவும் இயலாது. அந்தக் கால் மணி நேரத்தில் எம் மகள் தன் பள்ளியைப் பற்றி, ஓராண்டில் யாம் கேளாத அளவு செய்திகளைக் கூறிவிட்டாள். செட்டியாரின் மேல்துண்டுக்கு அவளே பச்சை வண்ணம் தீட்டினாள். அது துண்டின் எல்லையைக் கடந்து செட்டியாரின் தோளிலும் படிந்தது. அவ்வாறே விட்டுவிட்டோம்.

கொலுப்படிகள் ஒற்றைப்படையில் அமைதல் மரபு. எம் இல்லத்தில் மூன்று படிகள். அவற்றுள் நடுப்படி எது தெரியுமா? அந்தத் தகரப் பெட்டியேதான். அதன்முன் ஒரு பலகை, அதன்மேல் ஒரு மணை. மீது வெள்ளை வேட்டி. ஆறு ஆண்டுகள் இடமில்லை என்று சொன்னோம். பெட்டி அடைத்திருந்த இடத்தினும் சற்றே மிகுதியான இடம் போதுமானதாக இருந்தது!

கொலுவின் முன் சிறு பூங்கா அமைப்பதும் நம் வழக்கம் அன்றோ? ஒரு தாம்பாளத்தில் மண்ணைப் பரப்பிக் கேழ்வரகும் கடுகும் தூவி நீர் தெளித்தாள் மகள். முதல் இரு நாளும் ஒன்றும் தோன்றவில்லை. விதை கெட்டதோ என்று ஐயுற்றாள். நான்காம் நாள் காலை, இரவுப் பணி முடிந்து யாம் வீடு திரும்பியபோது, கதவைத் திறக்குமுன்னரே "வந்துடுச்சு அப்பா!" என்று குரல் கேட்டது. மண்ணைத் தலையில் சுமந்தவாறு நூல் போன்ற முளைகள் எழுந்து நின்றன. களைப்பினால் நேரே படுக்கைக்குச் செல்வது எம் வழக்கம். அன்று தரையில் அமர்ந்து, அவளோடு அம்முளைகளை எண்ணினோம். அறுபதுக்குப் பின் எண்ணிக்கை தவறிவிட்டது.

மஞ்சள் குங்குமம் பெற வந்த அண்டை வீட்டு மராத்திய அம்மையார், அத்தாம்பாளத்தைக் கண்டு வியந்தார். அவர்தம் வீட்டிலும் அதே ஒன்பது நாள்களில் கடஸ்தாபனை என்னும் சடங்கு உண்டு. கலசத்தைச் சுற்றி மண்ணிட்டுத் தானியம் விதைத்து, அது வளர்வதைக் கண்டு வழிபடுவர். நம் ஊர் அம்மன் கோயில் முளைப்பாரியையும், திருமண வீட்டுப் பாலிகையையும் நினைத்துக் கொண்டோம். சுவர் ஒன்றே இடையில் நிற்க, இரு வீடுகளிலும் ஒரே நேரத்தில் விதை முளைத்துக் கொண்டிருந்ததை ஏழு ஆண்டுகளாக நாங்கள் ஒருவரையொருவர் அறியாதிருந்தோம்.

அடுத்து வந்த தீபாவளியில் இன்னொரு வியப்பு. புணேப் பகுதியில் தீபாவளி விடுமுறையில் சிறுவர்கள் வாயிலில் மண்கோட்டை கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். கல்லையும் செங்கல்லையும் குவித்து, சாக்குத் துணியைப் போர்த்தி, சேற்றைப் பூசி, மலைபோல் எழுப்புவர். அதன்மேல் கடுகோ கோதுமையோ தூவுவர். சில நாளில் மலை பசுமை பெறும். உச்சியில் சிவாஜி மன்னர் அரியணையில் அமர்ந்திருப்பார். சரிவுகளில் மாவளே என்னும் மண் வீரர்கள் காவல் நிற்பர். கில்லா என்று அதனை வழங்குவர்.

அண்டை வீட்டுச் சிறுவன், தாம்பாளத்தில் விதை முளைப்பித்த எம் மகளைத் துணைக்கு அழைத்தான். எந்தக் கோட்டை கட்டுவது என்னும் வாதம் எழுந்தது. ராய்கட் என்றனர் சிலர். நம் ரயில் பாதையிலேயே மளவலி நிலையத்தில் இறங்கினால் காணக்கூடிய லோககட் என்றனர் சிலர். யாம் குறுக்கிட்டு, "செஞ்சியைக் கட்டலாமே" என்றோம்.

சிறுவர்க்கு அது புதிது. 1677-ஆம் ஆண்டு சிவாஜி மன்னர் தென்னகம் வந்து செஞ்சியைக் கைப்பற்றியதையும், அவருக்குப்பின் அவர் மகன் ராஜாராம் அங்கே அடைக்கலம் புகுந்ததையும், முகலாயப் படை பல்லாண்டுகள் முற்றுகையிட்டு 1698-இல்தான் அதனைப் பிடித்ததையும் கூறினோம். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டு. அவற்றுள் பதினொன்று மராட்டிய மாநிலத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. இளமையில் பள்ளிச் சுற்றுலாவில் யாம் ஏறிய மலை அது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மண்ணில் வரைந்து காட்டினோம். இரு நாளில் ஆகுர்டித் தெருவில் செஞ்சி எழுந்தது! அடுக்கடுக்கான கல்யாண மகாலுக்குத் தீப்பெட்டிகளை அடுக்கினாள் எம் மகள். தமிழ்ப் பெண் என்று அத்தெருவில் அறியப்பட்டிருந்தவள், அன்றுமுதல் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றாள்.

அன்பர்களே, பெட்டியைத் திறந்தபின் எம் கண்ணும் சிறிது திறந்தது எனல் வேண்டும். எம் வீட்டு மாடத்தில் நான்கு தொட்டிகள் நெடுநாளாக உள்ளன. அவற்றை வளர்த்தவர் துணைவியார். யாம் கறிவேப்பிலையைச் சாம்பாரில் மட்டுமே கண்டவர். மார்கழிக் குளிரில் இவ்வூரில் கறிவேப்பிலை தளிர் விடாது வாடி நிற்கும் என்பதும், அரிசி கழுவிய நீரையும் புளித்த மோரையும் அவ்வப்போது ஊற்றி அதனைக் காத்து வந்தார் என்பதும், மாசி பிற்பகுதியில் வெயில் ஏறியதும் அது மீண்டும் துளிர்க்கும் என்பதும் இவ்வாண்டுதான் எமக்குத் தெரிந்தன.

பக்கத்துத் தொட்டியில் கனகாம்பரம். மணம் இல்லாத பூ; ஆயினும் எளிதில் வாடாத பூ. மராத்தியில் அதற்கு அபோலி, அதாவது பேசாதது, என்று பெயர். வெள்ளிக்கிழமைகளில் அதனைப் பறித்துத் தாயும் மகளும் கட்டுவர். ஊரில் என்றால் வாழைநார், இங்கே நூல். நூலின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி, இரண்டு பூ இப்புறம், இரண்டு பூ அப்புறம் வைத்துச் சுருக்கிட வேண்டும். இறுக்கினால் காம்பு அறும். தளர்த்தினால் பூ உதிரும். யாமும் முயன்றோம். ஒரு முழம் கட்ட அரை மணி நேரம் ஆயிற்று. தூக்கியபோது பாதி உதிர்ந்தது. வீடே சிரித்தது. அச்சிரிப்பை எந்த அங்காடியில் வாங்க இயலும்?

இவ்வாறெல்லாம் செய்ய நேரம் ஏது என்று கேட்பீர்கள். ஆலையில் முறைப்பணி, அலுவலகத்தில் மிகைநேரம், ரயிலில் நெரிசல்: இவை எமக்கும் தெரியும். நாள் முழுதும் வேண்டுவதில்லை. ஆச்சியின் கை ஒட்டக் கால் மணி நேரம். பூ ஒரு முழத்திற்கு அரை மணி. வாயிலில் ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று இடுவதற்கு ஐந்து நிமிடம். இங்குக் கடையில் விற்கும் கோலப்பொடி கல்லை அரைத்தது. வாரம் ஒரு நாளேனும் அரிசி மாவால் இட்டுப் பாருங்கள். எறும்பு வரிசை வந்து மாவை இழுத்துச் செல்வதைப் பிள்ளைகள் குனிந்து நோக்குவர். அவர்களோடு நாமும் குனிதல் வேண்டும். அவ்வளவே.

ஆண்டுதோறும் தேகுவிலிருந்து புறப்படும் துக்காராம் சுவாமிகளின் பல்லக்கு நம் ஆகுர்டியில் தங்கிச் செல்வதை அறிவீர்கள். உடன் நடக்கும் பெண்கள் பலர் துளசிச் செடியைத் தலையில் சுமந்து பண்டரிபுரம் வரை செல்கின்றனர். பல நாள் நடைப்பயணம், இரவுக்கு ஓரிடம். ஊர் போய்ச் சேர்ந்தபின் செடி வைத்துக் கொள்ளலாம் என்று அவர்கள் எண்ணவில்லை. நடக்கும் வழியிலும் செடி உடன் இருக்கின்றது. அதற்கு நீரும் வார்க்கப்படுகின்றது.

விசயதசமி இரவில் மரப்பாச்சியைப் படுக்க வைத்துக் கொலுவை நிறைவு செய்தோம். பொம்மைகளை மீண்டும் துணியில் சுற்றினோம். ஆனால் பெட்டி கட்டிலின் கீழே செல்லவில்லை. காற்றுப் படும் இடத்தில், பரண்மேல் இருக்கின்றது. கொலுவில் ஆண்டுக்கொரு புதுப்பொம்மை சேர்த்தல் மரபு. அடுத்த நவராத்திரிக்கு உரியது இப்போதே வந்துவிட்டது. தீபாவளி முடிந்து கோட்டையைக் கலைத்தபோது, அண்டை வீட்டுச் சிறுவன் எம் மகளுக்குக் கொடுத்த ஈட்டி பிடித்த மாவளா வீரன் ஒருவன். கை ஒட்டிய ஆச்சிக்கு அருகில் அவன் நிற்பான்.

உங்கள் வீட்டிலும் திறவாத பெட்டி ஒன்று இருக்கக் கூடும். அதில் இருப்பது பொம்மையாகலாம். பாட்டி பின்னிய கூடையாகலாம். விதை முடிந்த துணியாகலாம். கேட்க வேண்டியவர்கள் இன்னும் இருக்கும்போதே அதனைத் திறந்து விடுங்கள். எம் இல்லத்துக் கறிவேப்பிலையின் அடியில் கன்றுகள் மூன்று தோன்றியுள்ளன. வேண்டுவோர் அடுத்த சங்கக் கூட்டத்தில் பெற்றுக் கொள்ளலாம்.