பிளஸ் டூ மாணவர்களே, கம்ப்யூட்டரைக் கேள்வி கேட்க வையுங்கள்!

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்தில் உள்ள எங்கள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். உத்திர வீதியில் இரண்டு வீடு தள்ளி இருப்பவர்கள் அப்போதுதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். மானிட்டரின் மேல் வைத்த சந்தனம் கூட இன்னும் உதிரவில்லை.

"நீ கம்ப்யூட்டர் வேலைலதானே இருக்கே. இவன் பிளஸ் டூ படிக்கறான்னு சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் குடுத்தோம். இதை வச்சுண்டு படிப்பானா, விளையாடுவானா? நீயே சொல்லு" என்றார் அந்த வீட்டு மாமி.

பையனின் முகம் வாடியிருந்தது. காலாண்டுத் தேர்வில் இயற்பியல் கைவிட்டுவிட்டது. "மூணு தடவை படிச்சேன் அண்ணா. படிக்கறப்போ எல்லாம் புரியறது. எழுத உட்கார்ந்தா வரமாட்டேங்கறது" என்றான்.

எந்தப் பாடம் நன்றாகத் தெரியும் என்று கேட்டேன். மின்காந்தத் தூண்டல் என்றான். புத்தகத்தை வாங்கி மூடி வைத்துக்கொண்டு அதிலிருந்து ஐந்து கேள்விகள் கேட்டேன். இரண்டிற்குத்தான் பதில் வந்தது. மற்ற மூன்றிற்கும் புத்தகத்தைத் திறந்து காட்டியதும், "அட, இது தெரியும் அண்ணா!" என்றான்.

பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. பார்த்தவுடன் "தெரியும்" என்று தோன்றுவது ஒன்று. பார்க்காமல் எழுத வருவது வேறு ஒன்று. தேர்வு அறையில் மதிப்பெண் கிடைப்பது இரண்டாவதற்குத்தான். நானும் இதே தவறைச் செய்தவன்தான். 1,200 மதிப்பெண்களுக்குப் பிளஸ் டூ தேர்வு நடந்த காலத்தில், புத்தகம் முழுவதும் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுப் படித்துவிட்டு, அரையாண்டுத் தேர்வில் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பெரும்பாலான வீடுகளில் அது பாடத்தைக் காட்டும் கருவியாகவே பயன்படுகிறது. அதாவது, பி.டி.எப். படிக்கவும் வீடியோ பார்க்கவும். அதைக் கேள்வி கேட்கும் கருவியாக மாற்றினால் கிடைக்கும் பலனே வேறு. அதற்குப் பணம் கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டியதில்லை.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறிய கட்டுரை கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினர் அதை நான்கு சுற்றுகளிலும் படித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றுகளிலும் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள்.

ஐந்து நிமிடம் கழித்து சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். அவர்களுக்கு 83 சதவீதம் நினைவில் இருந்தது; எழுதிப் பார்த்தவர்களுக்கு 71 சதவீதம். ஆனால் ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதமும் நினைவில் இருந்தது.

உங்கள் பொதுத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வரப் போவதில்லை. ஜூன், ஜூலையில் நடத்திய பாடத்தை அடுத்த மார்ச்சில் எழுத வேண்டும். எனவே இந்த இரண்டாவது முறைதான் நமக்குத் தேவை.

எக்ஸெல்லில் ஒரு கேள்விப் பெட்டி

ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ல் வெளியான தன் நூலில் ஓர் எளிய வழியைச் சொன்னார். கேள்விகளைச் சிறு அட்டைகளில் எழுதிப் பல அறைகள் உள்ள பெட்டியில் போட வேண்டும். பதில் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். அதை மீண்டும் எடுக்கச் சில நாட்கள் ஆகும். தவறாகச் சொன்னால் முதல் அறைக்கே திரும்பி வரும். தெரிந்தது தள்ளிப் போகிறது. தெரியாதது அடிக்கடி வருகிறது. இதையே எக்ஸெல்லில் செய்து விடலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமில் செய்யலாம்.

1. புதிய பைல் ஒன்றைத் திறந்து, முதல் வரிசையில் ஆறு தலைப்புகளை டைப் செய்யுங்கள்: பாடம், கேள்வி, பதில், கேட்ட தேதி, இடைவெளி, அடுத்த தேதி.

2. இரண்டாவது வரிசையில் முதல் கேள்வியையும் பதிலையும் டைப் செய்யுங்கள். விண்டோஸிலேயே தமிழ் போனடிக் கீபோர்டு உள்ளது. செட்டிங்ஸில் தமிழ் மொழியைச் சேர்த்து அதைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கில எழுத்துக்களின் ஒலியைக் கொண்டே தமிழில் டைப் செய்யலாம்.

3. "கேட்ட தேதி" கட்டத்தில் கர்சரை வைத்து, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி செமிகோலன் கீயைத் தட்டி, பிறகு என்டர் தட்டுங்கள். இன்றைய தேதி தானாக வந்துவிடும். நாமே டைப் செய்தால், சில கம்ப்யூட்டர்கள் மாதத்தை முதலிலும் நாளைப் பிறகும் எடுத்துக்கொண்டு குழப்பிவிடும்.

4. "இடைவெளி" கட்டத்தில் 1 என்று டைப் செய்யுங்கள். ஒரு நாள் கழித்து மீண்டும் கேட்க வேண்டும் என்பது இதன் பொருள்.

5. "அடுத்த தேதி" கட்டத்தில் சமக்குறி (=) டைப் செய்து, மவுஸால் அதே வரிசையில் உள்ள "கேட்ட தேதி" கட்டத்தைக் க்ளிக் செய்யுங்கள். பிறகு கூட்டல் குறி. அடுத்து "இடைவெளி" கட்டத்தைக் க்ளிக் செய்து என்டர் தட்டுங்கள். நாளைய தேதி தெரியும். ஐந்து இலக்க எண் ஏதாவது வந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸெல் தேதிகளை 1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து எண்ணி, எண்ணாகவே வைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் ரைட் க்ளிக் செய்து, பார்மட் செல்ஸ் பகுதியில் டேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தேதியாக மாறிவிடும்.

6. அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரம் இருக்கும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால், மற்ற கேள்விகளுக்கும் இதே கணக்கு வந்துவிடும். கேள்வி டைப் செய்த வரிசைகள் வரை மட்டும் இழுத்தால் போதும்.

7. இப்போது ஒரு சின்னத் தந்திரம். "பதில்" என்ற நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, எழுத்தின் நிறத்தை வெள்ளையாக மாற்றுங்கள். வெள்ளைப் பின்னணியில் பதில்கள் மறைந்துவிடும். ஒரு கட்டத்தைக் க்ளிக் செய்தால் மட்டும், மேலே உள்ள பார்முலா பாரில் அந்தப் பதில் தெரியும்.

தினமும் உட்கார்ந்தவுடன், அட்டவணைக்குள் "அடுத்த தேதி" நெடுவரிசையில் ஏதாவது ஒரு கட்டத்தைக் க்ளிக் செய்து, டேட்டா மெனுவில் ஏறுவரிசைப்படி சார்ட் செய்யுங்கள். (நெடுவரிசை முழுவதையும் தேர்வு செய்துவிட்டு சார்ட் செய்யாதீர்கள். தேதிகள் மட்டும் இடம் மாறி, கேள்விகள் அப்படியே நின்றுவிடும் அபாயம் உண்டு.) இன்று கேட்க வேண்டிய கேள்விகள் மேலே வந்து நிற்கும்.

கேள்வியைப் படித்து, பதிலைத் தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகே கட்டத்தைக் க்ளிக் செய்து சரிபாருங்கள். சரியாக இருந்தால் இடைவெளியை 1-லிருந்து 3, 7, 15, 30 என்று ஒரு படி உயர்த்துங்கள். தவறாக இருந்தால் மீண்டும் 1. கேட்ட தேதியில் இன்றைய தேதியைப் போடுங்கள். அவ்வளவுதான்.

இந்தக் கணக்கையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும் புரோகிராம் வேண்டும் என்பவர்கள் அன்கி என்ற சாப்ட்வேரை டவுன்லோடு செய்யலாம். விண்டோஸுக்கு இலவசம். ஆனால் முதலில் எக்ஸெல்லில் செய்து பார்த்தால் எக்ஸெல்லும் பழகும்.

நல்ல கேள்வி எப்படி இருக்க வேண்டும்?

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த எழுத்தாளர் சுஜாதா, ஜூனியர் விகடனில் வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்குப் பதில் எழுதிய பகுதிக்கு "ஏன், எதற்கு, எப்படி" என்று பெயர். பிளஸ் டூ மாணவருக்கும் இந்த மூன்று சொற்கள் போதும். பாடத்தின் ஒவ்வொரு பக்கத்திற்கும் இப்படி ஒரு கேள்வி தயாரியுங்கள்.

மின்மாற்றியின் உள்ளகத்தை ஏன் மெல்லிய தகடுகளாகச் செய்கிறார்கள்? (சுழல் மின்னோட்ட இழப்பைக் குறைக்க.)

தொலைதூரத்திற்கு மின்சாரத்தை உயர் மின்னழுத்தத்தில் அனுப்புவது எதற்கு? (மின்னோட்டம் குறையும், கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றலும் குறையும்.)

இணைத்தட்டு மின்தேக்கியின் தட்டுகளுக்கு நடுவே மின்காப்புப் பொருளை வைத்தால் மின்தேக்குத் திறன் எப்படி மாறும்? (அதிகரிக்கும்.)

ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று இருக்கட்டும். நீண்ட தருவித்தல்களையும் கணக்குகளையும் டைப் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கேள்வியை மட்டும் டைப் செய்து, பதில் கட்டத்தில் புத்தகப் பக்க எண்ணைப் போடுங்கள். தாளில் எழுதிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாடு அரசுப் பாடப் புத்தகங்கள் பி.டி.எப். வடிவில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஒரு போல்டரில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவும் சாட்பாட்டும்

2019-ல் தொடங்கப்பட்ட கல்வி தொலைக்காட்சி போன்றவற்றின் வீடியோ பாடங்கள் நல்லவைதான். ஆனால் பார்த்து முடித்ததும் திரையை அணைத்துவிட்டு, ஒரு வெற்றுத்தாளில் நினைவில் இருக்கும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தப் பாடம் இன்னும் வீடியோவில்தான் இருக்கிறது, உங்களிடம் வரவில்லை.

செயற்கை நுண்ணறிவு சாட்பாட்களிடம் பதிலைக் கேட்டு வாங்காதீர்கள். "இந்தப் பாடத்தில் என்னை ஐந்து கேள்விகள் கேள்" என்று சொல்லுங்கள். அது தரும் விடை சில சமயம் தவறாகவும் இருக்கும். புத்தகத்தோடு சரிபார்ப்பது அவசியம்.

காலண்டரையும் பார்த்துத் திட்டமிடுங்கள்

அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். ஸ்ரீரங்கத்தில் மார்கழி என்றால் பகல் பத்து, இராப் பத்து, நடுவே சொர்க்கவாசல் திறப்பு. வீட்டில் உறவினர் கூட்டம், வீதியில் பக்தர் கூட்டம். அந்த நாட்களில் மூன்று மணி நேரம் தொடர்ந்து படிக்க முடியாது. ஆனால் பத்து கேள்விகளுக்கு எழுதிப் பார்க்க அரை மணி நேரம் போதும். திருவிழா வாரத்தில் புதிய பாடம் சேர்க்காமல், அன்றன்று மேலே வரும் பழைய கேள்விகளை மட்டும் முடியுங்கள். ட்யூஷனுக்காக ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் வருபவர்கள், பத்து கேள்விகளைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டால் பயண நேரமும் வீணாகாது.

ஜனவரிக்குப் பிறகு வாரம் ஒரு பாடத்திற்கு, முந்தைய ஆண்டு வினாத்தாளைப் பிரிண்ட் எடுத்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மூன்று மணி நேரம் முழுத் தேர்வு எழுதுங்கள். தவறிய கேள்விகளை எக்ஸெல் பைலில் சேருங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்திலும் மற்ற கல்லூரிகளிலும் கவுன்சலிங் மூலம் பொறியியல் சேர மாநில நுழைவுத் தேர்வு 2007-லேயே நின்றுவிட்டது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட்-ஆப் மதிப்பெண் பிளஸ் டூ தேர்விலிருந்தே வருகிறது. எனவே எழுதத் தெரிந்தும் மறந்துபோன ஒவ்வொரு விடைக்கும் ஒரு விலை உண்டு.

பெற்றோருக்கு

கம்ப்யூட்டரைப் படுக்கையறையில் வைக்காமல் ஹாலில் வையுங்கள். படிக்கும் நேரத்தில் செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். "எவ்வளவு நேரம் படித்தாய்?" என்று கேட்பதைவிட, "இன்று எத்தனை கேள்விக்குப் பார்க்காமல் எழுதினாய்?" என்று கேளுங்கள். தூக்கத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். படித்தது மனதில் பதிய நல்ல தூக்கம் தேவை.

நவம்பர் கடைசியில் மறுபடியும் ஊருக்கு வந்தபோது அந்தப் பையனிடம் அதே ஐந்து கேள்விகளைக் கேட்டேன். நான்கிற்கு உடனே பதில் வந்தது. ஐந்தாவதற்கு, "அது இன்னும் ஒரு நாள் இடைவெளியிலேயே நிக்கறது அண்ணா" என்று சிரித்தான். தனக்கு எது தெரியாது என்று இப்போது அவனுக்குத் தெரிந்திருந்தது. மாமிதான் இன்னும் சந்தேகமாகவே பார்த்தார். "கேம் ஆடறதும் நிக்கலை. ஆனா ராத்திரி பத்தரைக்குப் படுத்துண்டுடறான், அதுவரைக்கும் நிம்மதி" என்றார்.

இன்று இரவே ஒரு பாடத்தை எடுத்துப் பத்து கேள்விகளை டைப் செய்யுங்கள். நாளை காலை பார்க்காமல் எழுதிப் பாருங்கள். மறக்காமல் அந்தப் பைலை வாரம் ஒருமுறை பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள். ஒரு வருட உழைப்பு அதில் இருக்கிறது!