பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஏன் ஊதி அணைக்கிறோம்?

சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் போட்ட கையோடு திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அடிக்கடி பார்க்கக்கூடிய காட்சி இது. செக்கிங் டேபிளைத் துடைத்து, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கிய அரை கிலோ கேக்கை வைப்பார்கள். ஓவர்லாக் டெய்லர், கட்டிங் மாஸ்டர், ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்ப்பர் என எல்லாரும் கைதட்ட, பிறந்தநாள்காரர் மெழுகுவர்த்தியை ஊதுவார். அவரே வீட்டுக்குப் போய் இன்னொரு கேக் வெட்டினால் அம்மிச்சி தடுப்பார்: "பொறந்த நாளும் அதுவுமா வெளக்க வாயில ஊதறதா கண்ணு?"

அம்மிச்சி கேட்பதில் நியாயம் இருக்கு. நம் வீடுகளில் விளக்கை 'அணை' என்று சொல்லக்கூட மாட்டார்கள். 'குளிர வை', 'மலையேத்து' என்பார்கள். பூவால் தொட்டோ, திரியை எண்ணெய்க்குள் இழுத்தோதான் சுடரை அமர்த்துவார்கள். அந்தத் தலைமுறைக்குப் பிறந்தநாள் என்றால் தேதி இல்லை, மாதமும் நட்சத்திரமும்தான். தேதி என்பது பலருக்கு ஸ்கூலில் சேர்த்தபோது வாத்தியார் எழுதிக்கொண்டது.

சரி, ஊதுவது எங்கிருந்து வந்தது?

தெளிவான தடயம் ஜெர்மனியில் கிடைக்கிறது. 1746-ல் சின்சென்டார்ஃப் என்ற பிரபுவின் பிறந்தநாளுக்குப் பெரிய கேக் செய்து, வயதுக்கு ஒரு துளை போட்டு, ஒவ்வொன்றிலும் மெழுகுவர்த்தி செருகினார்கள். நடுவில் தனியாக இன்னொன்று. 1801-ல் கவிஞர் கதேவின் பிறந்தநாள் கேக்கில் ஐம்பது மெழுகுவர்த்திகள் வரை எரிந்தன. குழந்தைகளின் கேக்கில் வரப்போகும் வருடங்களுக்கும் இடம் விடுவார்களாம். இவருக்கு அதற்கு இடமே இல்லை! நடுவில் வைக்கும் மெழுகுவர்த்திக்கு அங்கே 'உயிர் ஒளி' என்றே பெயர்.

கவனியுங்கள், இந்த இரண்டு குறிப்புகளிலும் ஊதுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. சுடர் எரிவதுதான் விசேஷம். கேக் சாப்பிடும் முன் மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைக்க வேண்டும் என்ற வழக்கம், சுவிட்சர்லாந்தைப் பற்றிய 1881-ம் ஆண்டுக் குறிப்பில் வருகிறது. அதாவது அம்மிச்சியும் அந்தக் கால ஜெர்மன்காரர்களும் ஏறக்குறைய ஒரே கட்சி.

வாட்ஸ்அப்பில் சுற்றும் கிரேக்கக் கதை? ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்குச் சுற்றிலும் தீபம் ஏற்றிய பலகாரம் படைத்தது உண்மைதான். அதிலிருந்துதான் பிறந்தநாள் கேக் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017-ல் சோதித்தபோது, ஊதிய பிறகு க்ரீமில் பாக்டீரியா சராசரியாக 14 மடங்கு ஆனது. பயப்படத் தேவையில்லை, சளி, இருமல் உள்ளவர் மட்டும் ஊதாமல் இருக்கலாம். இப்போது சில வீடுகளில் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு நேராகக் கேக் வெட்டுகிறார்கள். அம்மிச்சிக்கும் சந்தோஷம்.

கம்பெனியில் பிரச்சினையே வேறு. தரையிலும் மெஷினிலும் பஞ்சுத் தூசி, மூலையில் கட்டிங் வேஸ்ட் மூட்டை. ஒரு பொறி போதும். வீடியோவுக்காக அடிக்கும் ஸ்னோ ஸ்பிரே இன்னும் மோசம்: பல டப்பாக்களில் நுரையைத் தள்ளுவது பியூட்டேன், புரோப்பேன் மாதிரி எரியும் வாயு. எரிகிற மெழுகுவர்த்திப் பக்கம் அடித்தால் முகத்திலேயே தீப்பிடிக்கும். ஊத ஊத மறுபடி பற்றிக்கொள்ளும் 'மேஜிக்' மெழுகுவர்த்தியின் திரியில் மெக்னீசியத் தூள் இருக்கும். அணைந்துவிட்டது என்று அதை வேஸ்ட் மூட்டைப் பக்கம் எறிந்துவிடாமல், தண்ணீர் டம்ளரில் முக்கிப் போடுங்கள்.