பழைய காரும் வெடித்த பிளாஸ்ரிக்கும்

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பழைய ஆங்கிலக் கார்கள் ஓடுவதை இன்றுங் காணலாம். அவற்றின் இயந்திரம் பழுதடைந்தால் திருத்துவதற்குக் கைதேர்ந்தவர்கள் நம்மிடையே உளர். 1990ஆம் ஆண்டின் பின் பெற்றோல் அரிதாகிய காலத்தில் மண்ணெண்ணெயைக் கொண்டே இவ்வண்டிகளை ஓட்டிய மண் அன்றோ இது! தகரம் துருவேறினால் வெட்டி ஒட்டவும் ஆளுண்டு. ஆயின், சாரதி கையிற் பிடிக்கும் ஸ்ரியறிங் வளையமோ, கதவின் உட்பக்கத்துப் பிளாஸ்ரிக்கோ வெடித்துவிட்டால் மட்டும் பலர் கைவிட்டு விடுகின்றனர்; கறுப்பு நாடாவைச் சுற்றி அமைகின்றனர். இவ்வுறுப்புக்களைப் புதிதாக வாங்குவது எளிதன்று. ஆகவே உள்ளதைக் காப்பதே வழி. பிழையான மருந்தைப் பூசி உள்ளதையுங் கெடுத்துக்கொள்வோர் பலராதலின், முதலிற் பொருளை அறிதல் வேண்டும்.

அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. அது பிளாஸ்ரிக்கின் இளம்பருவம். பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்ட் என்பார் 1907இல் பீனோலையும் போமல்டிகைட்டையும் சேர்த்துப் பேக்கலைட்டை ஆக்கினார். ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாத பொருள் அது. செலுலோசு அசற்றேற்று முதலியன மரக்கூழிலிருந்தும் பருத்தியிலிருந்தும் வந்தவை. 1950களின் பின்னரே ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்ரிக் பரவிற்று. பிள்ளைகள் அடுக்கி விளையாடும் லெகோக் கட்டைகளும் 1963 முதல் இதனாலேயே செய்யப்படுகின்றன. அதற்கு முன் அவையும் செலுலோசு அசற்றேற்றே.

இனி, வெடிப்பு ஏன் வருகிறது? ஸ்ரியறிங் வளையத்தின் உள்ளே உருக்குக் கம்பியும் வெளியே கடினமான பிளாஸ்ரிக்கும் உள்ளன. வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் 60 பாகை செல்சியசுக்கு மேலும் ஏறும். சூடேறும்போது பிளாஸ்ரிக், உருக்கைப்போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் விரியும். குளிரும்போது அவ்வாறே சுருங்கும். நாளடைவில் அதிலுள்ள மென்மையாக்கும் பொருளும் ஆவியாகிப் போக, பிளாஸ்ரிக் நிரந்தரமாகவே குறுகுகிறது. உள்ளிருக்கும் உருக்கோ இடங்கொடாது. ஆகவே பிளாஸ்ரிக் பிளக்கிறது. ஆரக்கால்கள் வளையத்தோடு சேரும் இடங்களில் வெடிப்பு முதலில் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. ஏ.பி.எஸ். பொருளின் கதை வேறு: அதற்கு நெகிழ்ச்சி தரும் இறப்பர்ப் பகுதியைக் கழியூதாக் கதிரும் ஒட்சிசனும் தாக்கிவிட, அது மஞ்சளித்துப் பிஸ்கோத்துப்போல் நொறுங்கும்.

பொருளை அறிய மூக்கே முதற்கருவி. துணியை வெந்நீரில் நனைத்துத் தேய்த்து மோந்து பார்க்க. வினாகிரி மணம் வீசின் செலுலோசு அசற்றேற்று. கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றமாயின் அதன் இனத்ததாகிய பியூற்றிரேற்று. காபொலிக் மணமாயின் பேக்கலைட்டு. கற்பூர மணம் வந்தால் மிக்க அவதானம் வேண்டும். அது செலுலோயிட்டு, தீயைக் கண்டால் நொடியிற் பற்றும். அடுத்து, மறைவான ஓரிடத்தில் பஞ்சினால் ஒரு துளி அசற்றோனைத் தொட்டு வைக்க. பேக்கலைட்டு அசையாது. ஏ.பி.எஸ். பிசுபிசுக்கும், செலுலோசு வகையும் இளகும், ஆனால் அதன் மணம் அதனைக் காட்டிக்கொடுக்கும். பிற்காலத்துக் கார்களில் வரும் பொலிபுறொப்பிலீனின் துண்டு நீரில் மிதக்கும். எந்தப் பசையும் அதில் எளிதிற் பிடியாது. அதே பொருளைச் சூட்டில் உருக்கி ஒட்டுதலே தகும்.

ஏ.பி.எஸ். உறுப்பைத் திருத்துவது இன்பமான வேலை. ஒட்டுவதற்கு வேறு பசை வேண்டா. அதே பிளாஸ்ரிக் போதும். உறுப்பின் பின்புறத்து வேண்டாத விளிம்பிலிருந்தோ, உடைந்த லெகோக் கட்டையிலிருந்தோ சிறு சீவல்களை எடுத்து, கண்ணாடிப் போத்தலில் அசற்றோன் ஊற்றி ஓரிரவு ஊறவிட்டால் தேன் பதத்திற் கூழாகும். வெடிப்பு முடியும் நுனியில் இரண்டு மில்லிமீற்றர்த் துளையொன்று இடுக. கூரிய நுனியிலே குவியும் இழுவிசை வட்டத்துளையில் பரந்துபோவதால் வெடிப்பு மேலும் ஓடாது. பின்புறத்தில் கண்ணாடியிழைத் துணியை வைத்து அதன்மேற் கூழைத் தடவுக. தடிப்பாக ஒரேமுறை பூசினால் உறுப்பே இளகி வளையும். மெல்லியதாகப் பலமுறை பூசுதலே நன்று. மேற்பரப்பை அரத்தாளால் தேய்க்கச் சில நாள் பொறுத்திருத்தல் வேண்டும். அசற்றோனின் ஆவி எளிதிற் தீப்பிடிக்கும். குசினிக்குள் வைத்து இவ்வேலையைச் செய்தலாகாது.

ஸ்ரியறிங் வளையத்துக்கு வருவோம். இங்கே அழகைவிட உயிரே பெரிது. வெடிப்பின் வழியே ஈரம் புகுந்து உள்ளிருக்கும் உருக்கை அரித்திருக்கலாம். கம்பி மெலிந்தோ ஆரக்கால் ஆடியோ இருப்பின், எவ்வளவு அருமையான வளையமாயினும் அதைச் சுவரில் மாட்டிவைக்கலாமேயன்றி வண்டியிற் பூட்டலாகாது. இதில் சமாதானம் பேசுவோரின் சொற்கேட்டல் கூடாது.

கம்பி நலமாயின், முக்கோண அரத்தால் வெடிப்பை உருக்கு வரைக்கும் ஆப்பு வடிவிற் அகலமாக்குக. மெல்லிய வெடிப்பின் மேலே பசையைப் பூசி மூடுவது வீண். மறுகோடையில் அது மீண்டும் வாய் திறக்கும். துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்குக. பேக்கலைட்டிற் சிலவகைகளில் கல்நார் கலந்திருந்தமையால், தூசி பறக்காதவாறு நீர் தொட்டே அரத்தாளை ஓட்டுக. பின்னர் இருபகுதி எபொக்சிப் பசையை, செய்தவர் கூறிய அளவிற் குழைத்து, மேற்பரப்பிலும் சிறிது உயரமாக நிரப்பி, ஒருநாள் முழுதும் இறுகவிடுக. முதலில் 180ஆம் எண் அரத்தாள், அதன்பின் 320, ஈற்றில் 600. விரல் நுனியால் கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். கண் காணாத மேடு பள்ளத்தை விரல் காணும். மினுக்கத்துக்காக முன்னர்ச் சிலிக்கோன் எண்ணெய் பூசியிருந்தால் அதை முற்றாகக் கழுவாமல் வர்ணம் அடிக்கவேண்டாம். வர்ணம் மீன்கண்போற் குழிவிழும்.

மெத்தையிட்ட பீ.வீ.சீ. முகப்புப் பலகைக்கு எபொக்சி ஆகாது. அது நெகிழும் தோல். இறுகிய பசையின் ஓரத்திலேயே மறுபடியும் பிளக்கும். நெகிழ்ந்து கொடுக்கும் நிரப்பி வேண்டும்.

இன்னொன்று, இது தொடக்கத்திலேயே செய்யவேண்டியது: வளையத்தைக் கழற்றுமுன் முன்சில்லுகளை நேராக நிறுத்தி, தண்டின் நுனியிலும் வளையத்தின் குடத்திலும் ஒரே நேரிற் குறியிட்டுக்கொள்க. திரும்பப் பூட்டும்போது இரு குறிகளும் சந்தித்த பின்னரே நடுச்சுரையை இறுக்குக.